சேர்வதற்கு முன் ஒரு குத்தூசி: தனியார் பொறியியல் கல்லூரியை எடைபோடும் முறை

'பள்ளி' என்ற சொல் முதலில் சமண முனிவர்கள் தங்கிய இடத்தைக் குறித்தது. அவர்கள் தங்கிய இடத்தில் பாடம் நடந்தது. அதனால் பாடம் நடக்கும் இடமெல்லாம் பள்ளியாகி, பிறகு பள்ளிக்கூடம் ஆயிற்று என்பார்கள் அறிஞர்கள். எங்கள் பனச்சமூட்டுக்குப் பக்கத்திலேயே சிதறால் மலை இருக்கிறது. அதன் பழைய பெயர் திருச்சாரணத்து மலை. அங்கே ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. குணந்தாங்கி குரத்தி என்ற பெண் துறவி பொன் கொடுத்த செய்தி அது. அந்தப் பெண்ணை அடையாளம் சொல்லும்போது அவர் எந்தக் கட்டடத்தில் படித்தார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. இன்ன ஆசிரியரின் மாணாக்கி என்றுதான் சொல்கிறது. கழுகுமலைக்குப் போனாலும் இதேதான். பாறை நிறைய 'இன்னார் மாணாக்கர் இன்னார்' என்ற கணக்கில் பெயர்கள். திருச்சாரணத்துக் குரத்திகளின் பெயரும் அங்கே இருக்கிறது. ஆசிரியர் பெயர் தெரியாத படிப்பை அந்தக் காலத்தில் படிப்பென்றே எழுதவில்லை போலிருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு ஏன் பொறியியல் கல்லூரிக்கு வருகிறேன் என்றால், நம் வீடுகளில் இப்போது கல்லூரி பார்க்கும் முறை தலைகீழாக இருக்கிறது. வளைவு பார்க்கிறோம், கண்ணாடிக் கட்டடம் பார்க்கிறோம், பேருந்து வீட்டு வாசலுக்கு வருமா என்று பார்க்கிறோம். யார் பாடம் எடுக்கிறார்கள் என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆரணிப் பக்கத்திலிருந்து அரிசி லாரியோடு இந்த எல்லைக்கு வந்தவன். வந்தது முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாயிற்று. கடை கேரளப் பக்கம், கிடங்கு தமிழ்நாட்டுப் பக்கம். (2017-ல் ஜி.எஸ்.டி. வரும் வரைக்கும் சோதனைச் சாவடியில் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு ஆகும்.) எங்கள் தொழிலில் குத்தூசி என்று ஒரு கருவி உண்டு. மூட்டையைப் பிரிக்காமலே நடுவில் குத்தி இழுத்தால் ஒரு கை அரிசி வரும். மூட்டையின் வாயில் எப்போதும் நல்ல அரிசிதான் இருக்கும். நடுவில் என்ன இருக்கிறது என்பதைக் குத்தூசி சொல்லும். ஆயிரம் மூட்டையைக் குத்திப் பார்த்த நான், 2004-ல் என் இளைய மகனைச் சேர்த்த கல்லூரியை மட்டும் வாயைப் பார்த்து வாங்கினேன். பெயர் வேண்டாம். முதல் வருஷத்திலேயே கணக்கு வாத்தியார் மூன்று பேர் மாறினார்கள். பரிசோதனைக் கூடத்தில் ஒரு எந்திரம், அதைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள். நாலு வருஷப் படிப்பு ஆறு வருஷமாயிற்று. பதின்மூன்று அரியர். அவன் மக்கு இல்லை; இப்போது கடையின் கணினிக் கணக்கு முழுவதும் அவன் கையில்தான். ஆனால் அந்த ஆறு வருஷத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

எங்கள் சமயத்தில் உணவு, மருந்து, அறிவு, அடைக்கலம் என்று தானம் நான்கு வகை. அறிவு இப்போது தானமாக வருவதில்லை, விலைக்குத்தான் வருகிறது. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை, நானும் வியாபாரிதான். விலைக்கு வாங்குகிறவன் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லை வீட்டுப் பிள்ளை

இந்தக் கட்டுரை எழுதக் காரணம் பக்கத்து வளவுப் பெண் ஒருத்தி. தகப்பனார் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. பிறந்தது விளவங்கோடு வட்டத்தில். தாயார் வெள்ளறடைப் பக்கம். குடியிருப்பது கேரளத்தில், பிள்ளை படித்ததும் கேரளப் பாடத்திட்டத்தில். பிளஸ் டூ முடிவு வந்த மூன்றாம் நாள் ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்துவிட்டார். "பத்தாயிரம் ரூபாயும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் தாருங்க, சீட்டு உறுதி. கவுன்சிலிங் எல்லாம் உங்களுக்குக் கிடையாது, நீங்க கேரளாக்காரங்க" என்றாராம். தகப்பனார் கடைக்கு வந்து, "முதலாளி, பத்தாயிரம் கடனாத் தருவீங்களா?" என்று கேட்டார். நான் பணம் கொடுக்கவில்லை. "உட்காருங்க, முதல்ல கணக்குப் பார்ப்போம்" என்றேன்.

ஏஜென்ட் சொன்னதில் முதல் வார்த்தையே பிழை. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கை ஒற்றைச் சாளர முறையில் 1997 முதல் நடக்கிறது. நுழைவுத் தேர்வு 2007-ல் போய்விட்டது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட் ஆஃப் போட்டுத்தான் தரவரிசை. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பிறப்பிடச் சான்று தேவையில்லை. வெளி மாநிலத்தில் படித்திருந்தாலும் தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்றால், வட்டாட்சியர் தரும் பிறப்பிடச் சான்று வைத்து விண்ணப்பிக்கலாம். கவனியுங்கள், இருப்பிடச் சான்று வேறு, பிறப்பிடச் சான்று வேறு. எல்லையோரத்தில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். இடஒதுக்கீடு வேண்டுமென்றால் சாதிச் சான்றும் தமிழ்நாட்டு அதிகாரி கொடுத்ததாக இருக்க வேண்டும். கேரள வில்லேஜ் ஆபீஸ் சான்று அங்கே செல்லாது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் தனிச் சான்று உண்டு. கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். ஆனால் 2021-ல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கிடையாது.

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழகம் வந்தன. நெய்யாற்றின்கரை கேட்டும் வரவில்லை. அன்று போட்ட கோடு இந்தக் குடும்பத்தின் நடுவே போகிறது. அதற்கு யாரை நோவது? சான்றுகளை மார்ச்சிலேயே வாங்கி வைக்காதது மட்டும் நம் தவறு.

கேரளப் பக்கம் கதை வேறு. கீம் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் பிளஸ் டூ முடிவு வரும் முன்பே முடிந்துவிடும். அதைத் தவறவிட்ட குடும்பங்கள்தான் மே மாதம் ஏஜென்ட் கையில் சிக்குகின்றன. வேறு மாநிலத்துப் பூர்வீகம் உள்ளவர்கள் கேரளத்தில் படித்திருந்தால் அங்கேயும் தனிப் பிரிவுகள் உண்டு. ஆகவே எல்லைப் பிள்ளை இரண்டு கதவையும் தட்ட வேண்டும். தனியாரைப் பார்ப்பதற்கு முன் திருவனந்தபுரத்தில் 1939-ல் தொடங்கிய பொறியியல் கல்லூரி, பார்ட்டன் ஹில் அரசுக் கல்லூரி, இந்தப் பக்கம் நாகர்கோவில் கோணத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரி ஆகியவற்றில் இடம் கிடைக்குமா என்று பார்த்துவிடுங்கள். கிடைத்தால் மேலே படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

காகிதத்தில் பார்க்க வேண்டியது

தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் 1984 வாக்கில் தொடங்கின. குமரி மாவட்டத்தில் குமாரகோவிலில் நூருல் இஸ்லாம் கல்லூரி 1989-ல் வந்தது, அது 2008-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதன் பிறகு ஆரல்வாய்மொழியிலிருந்து மார்த்தாண்டம் தாண்டி வரைக்கும் கல்லூரிகள் எழும்பின. ஒரு சமயம் மாநிலத்தில் ஐந்நூறைத் தாண்டிய எண்ணிக்கை இப்போது நானூற்றுச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. இறங்கியதில் மூடிய கல்லூரிகள் உண்டு, மூடப்போகிற கல்லூரிகளும் உண்டு. ஏ.ஐ.சி.டி.இ. கணக்கில் 'படிப்படியாக மூடுதல்' என்று ஒன்று இருக்கிறது. புதுப் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள், இருக்கிறவர்கள் படித்து முடிக்கும் வரை நடத்துவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மூடப்போகும் கடையில் எந்த வேலைக்காரன் நிற்பான்? நல்ல ஆசிரியர்கள் முதலில் கிளம்பிவிடுவார்கள்.

அதனால் முதல் காகிதம், ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி நீட்டிப்புக் கடிதம். இது ஆண்டுக்காண்டு பார்க்க வேண்டியது. எந்தக் கிளைக்கு எத்தனை இடம் என்று அதில் தனித்தனியாக எழுதியிருக்கும். கல்லூரிக்கு அனுமதி இருக்கிறது என்பது போதாது. நம் பிள்ளை சேரப்போகும் கிளைக்கு, நம் பிள்ளை சேரும் வருஷத்துக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு பல்கலைக்கழக இணைப்பு. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் 2001 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 2007-க்கும் 2012-க்கும் நடுவில் அதைப் பிரித்துத் திருநெல்வேலிக்குத் தனியாக ஒன்று வைத்தார்கள், பிறகு சேர்த்துவிட்டார்கள். கேரளத்தில் 2014-ல் அப்துல் கலாம் பெயரில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வந்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் தேர்வும் பட்டமும் அவர்களுடையதே. கவுன்சிலிங் பட்டியலிலும் அவை வராது, கட்டணமும் தனி.

இரண்டாவது, தேர்ச்சி விழுக்காடு. அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் கல்லூரி வாரியாக இதை வெளியிடுகிறது. எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று இருக்கும். ஒரு பருவம் பார்த்தால் ஏமாறலாம், நாலு பருவத்தையாவது வரிசையாக எழுதிப் பாருங்கள். கேரளத்திலும் கடுமைதான். கலாம் பல்கலைக்கழகத்தின் முதல் அணி 2019-ல் வெளிவந்தபோது நூற்றுக்கு முப்பத்தாறு பேர் அளவுதான் தேறினார்கள். முதல் தடவையிலேயே எல்லோரும் தேறிவிடுவார்கள் என்று எந்தக் கல்லூரி சொன்னாலும் கொஞ்சம் தள்ளி நின்று கேட்பது நல்லது.

கவுன்சிலிங் முடிந்த பின் எந்தக் கல்லூரியில் எந்தக் கிளையில் கடைசியாகச் சேர்ந்தவரின் கட் ஆஃப் என்ன என்பதும் வெளிவருகிறது. மூன்று வருஷக் கட் ஆஃப் இறங்கிக்கொண்டே வந்தால் பிள்ளைகள் அந்தக் கல்லூரியை விட்டு விலகுகிறார்கள் என்று பொருள். ஒவ்வோராண்டும் ஒருவர்கூடச் சேராத கல்லூரிகள் இருக்கின்றன.

மூன்றாவது, தரச் சான்று. இங்கேதான் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். நாக், என்.பி.ஏ. இரண்டும் 1994-ல் பிறந்தவை, இரண்டும் ஒன்றல்ல. நாக் என்பது கல்லூரி முழுமைக்கும். என்.பி.ஏ. என்பது கிளைக்கு. ஒரே கல்லூரியில் எந்திரவியலுக்கு என்.பி.ஏ. இருக்கும், கணினிக்கு இருக்காது. வாசல் பலகையில் 'என்.பி.ஏ. பெற்றது' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். எந்தக் கிளைக்கு, எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். நாக் குழு மீதே 2025 பிப்ரவரியில் லஞ்ச வழக்கு வந்து, பார்வையிடப் போனவர்களையே சி.பி.ஐ. கைது செய்தது. அதற்காக எல்லாச் சான்றும் பொய் என்று சொல்லவில்லை, முத்திரை குத்திய படிக்கல்லையும் ஒருமுறை தூக்கிப் பார்க்கிற பழக்கம் வேண்டும் என்கிறேன்.

என்.பி.ஏ. எதற்கு, வேலை கிடைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. வாஷிங்டன் உடன்படிக்கை என்று பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று மதிக்கும் ஏற்பாடு 1989-ல் ஆறு நாடுகளோடு தொடங்கியது. இந்தியா அதில் நிரந்தர உறுப்பானது 2014-ல், என்.பி.ஏ. வழியாக. அந்த மதிப்பும் எல்லா என்.பி.ஏ. சான்றுக்கும் இல்லை, முதல் அடுக்குச் சான்றுக்கு மட்டும். இதெல்லாம் எங்கோ நடப்பது என்று இருந்தோம். 2018-ல் குவைத் அரசு, பொறியாளர் என்ற பெயரில் வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமானால் அங்குள்ள பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றது. அந்தச் சங்கம் இந்தியப் பட்டங்களில் என்.பி.ஏ. உள்ள கிளைகளைத்தான் ஒத்துக்கொண்டது. பத்துப் பதினைந்து வருஷம் அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லாம் திகைத்துப் போனார்கள். எங்கள் பகுதியில் எத்தனை வீட்டு அடுப்பு வளைகுடாப் பணத்தில் எரிகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்த வருஷம் பாதிக் கட்டிய மாடி அப்படியே நின்றது. மகன் பதவிப் பெயரை மாற்றிக்கொண்டு, குறைந்த சம்பளத்துக்குத்தான் அனுமதி வாங்கினான்.

புதுக் கிளைகளுக்கு என்.பி.ஏ. உடனே வராது, இரண்டு அணியாவது படித்து வெளியேற வேண்டும். செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று புதுப்பெயர்கள் இப்போது எங்கும் தொங்குகின்றன. பெயர் புதிது, பாடம் எடுப்பவர்கள் பெரும்பாலும் பக்கத்துக் கணினித் துறையிலிருந்து வந்தவர்கள். இதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2024-25 முதல் ஒரு கிளைக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. தளர்த்திய பிறகு பெரிய நகரத்துக் கல்லூரிகள் கணினி இடங்களைக் கூட்டிக்கொண்டன. அதன் அடி நம் வட்டாரச் சிறு கல்லூரிகளுக்குத்தான். சிவிலும் எந்திரவியலும் ஆளில்லாமல் கிடக்கின்றன. (2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் இந்த இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியபோது நான் கடையில் மிட்டாய் கொடுத்தேன். வெளிமாநிலத் தமிழர்களாகிய நாம் அதில் எத்தனை பிள்ளைகளைச் சேர்த்தோம் என்று கேட்டால் தலைகுனிய வேண்டும்.)

ஆசிரியர் எங்கே?

இனி நடு மூட்டைக்கு வருவோம். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு கணக்கை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்தார்கள். அன்றைய துணைவேந்தரே முறைகேடு நடந்திருப்பதை ஒப்புக்கொண்டார். ஒருவர் பெயர் 32 கல்லூரிகளில் இருந்ததாம். ஒரே மூட்டையைக் காட்டி 32 பேரிடம் முன்பணம் வாங்கினால் எங்கள் மண்டியில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

விதி என்ன சொல்கிறது? 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர். 2018-க்கு முன் 15-க்கு ஒருவர் என்று இருந்தது. கணக்கு எளிது: ஒரு கிளையில் ஆண்டுக்கு 60 இடம் என்றால் நாலு வருஷத்துக்கு 240 பிள்ளைகள், 12 ஆசிரியர்கள். பேராசிரியர் ஒருவர், இணைப் பேராசிரியர் இருவர், உதவிப் பேராசிரியர் ஆறு பேர் என்ற விகிதமும் உண்டு. ஒவ்வொரு கல்லூரியும் ஆசிரியர் பட்டியலைத் தன் கட்டாய வெளிப்படுத்தல் அறிக்கையில் பெயரோடு போட வேண்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

எப்போது போவது என்பதும் முக்கியம். சேர்க்கை விழா நாளில் போகாதீர்கள். அன்றைக்கு மூட்டை வாயில் இருப்பதைத்தான் பார்ப்பீர்கள். பருவம் நடக்கும்போது, ஒரு செவ்வாய் புதன்கிழமை, காலை பதினொரு மணிக்குப் போங்கள். துறை அலுவலகத்தில் பட்டியலில் உள்ள நாலு பேரைச் சொல்லி, "இவங்களைப் பார்க்கணும்" என்று கேளுங்கள். ஒருவர் விடுப்பில் இருக்கலாம். நாலு பேரும் விடுப்பு என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். முதல் வருஷப் பிள்ளைகளிடம் விசாரிக்காதீர்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் வருஷப் பிள்ளையைப் பேருந்து நிறுத்தத்தில் பிடியுங்கள். "மக்களே, இந்தப் பருவம் எத்தனை வாத்தியார் மாறினாங்க?" என்று ஒரே கேள்வி போதும். பரிசோதனைக் கூடத்தில் எந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, பிள்ளைகளின் பதிவு நோட்டில் தேதி வாரியாகக் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வழி உண்டு, அது என் கடைக்கு மட்டுமே உரியது. இரு பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் எங்களிடம் பற்றில் அரிசி வாங்குகிறார்கள். மாதம் பத்தாம் தேதிக்குள் கணக்கைத் தீர்க்கிறவர் எங்கே வேலை பார்க்கிறார், மூன்று மாதம் தலையைக் குனிந்துகொண்டு போகிறவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பது என் பற்று நோட்டுக்குத் தெரியும். எம்.இ. படித்தவர், பத்துக் கிலோ அரிசிக்குக் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்பார். அவர்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. சம்பளம் நேரத்துக்கு வராத இடத்தில் ஆசிரியர் தங்க மாட்டார், ஆசிரியர் தங்காத இடத்தில் பிள்ளைக்கு அரியர் தங்கும். உங்கள் ஊரில் பற்று நோட்டு இல்லையென்றால் கல்லூரிக்கு எதிரில் உள்ள தேநீர்க் கடையில் அரைமணி நேரம் உட்காருங்கள். சம்பளச் செய்தி தானாக வரும்.

பணம், பத்திரம், படப்பலகை

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உச்ச நீதிமன்றம் 2003-ல் சொன்னதன்பேரில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கட்டணக் குழு வந்தது. தமிழ்நாட்டில் 2017-ல் அந்தக் குழு அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு ரூ.50,000, தரச்சான்று பெற்ற கிளைக்கு ரூ.55,000 என்று வைத்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு ரூ.85,000, தரச்சான்று இருந்தால் ரூ.87,000. நீங்கள் சேரும் ஆண்டில் என்ன என்று குழுவின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுபான்மை அல்லாத கல்லூரிகள் 65 விழுக்காடு இடத்தை அரசுக்குத் தர வேண்டும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காடு. நன்கொடை வாங்குவது 1992 முதல் சட்டப்படி குற்றம். ஆனால் பேருந்து, விடுதி, சீருடை, 'பயிற்சி' என்று நாலு வாசல் திறந்திருக்கும். நாலு வருஷத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில்.

ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் ரூ.1,000 பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிட வேண்டும் என்பது விதி. ஏஜென்டிடம் கொடுத்த பணத்துக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது, ரசீதே இருக்காதே!

பிறகு வேலைவாய்ப்புப் படப்பலகை. சிரித்த முகங்கள், பக்கத்தில் லட்சங்கள். ஒரே பிள்ளைக்கு மூன்று நிறுவனம் வேலை கொடுத்தால் அதை மூன்றாக எண்ணும் பழக்கம் உண்டு. பத்துக் கல்லூரிக்கும் சேர்த்து ஓரிடத்தில் நடந்த முகாமை எல்லோரும் தங்கள் முகாம் என்று போடுவதும் உண்டு. கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த வருஷம் அந்தக் கிளையில் மொத்தம் எத்தனை பேர், அரியர் இல்லாமல் நேர்முகத்துக்குத் தகுதி பெற்றது எத்தனை பேர், வேலையில் போய்ச் சேர்ந்தது எத்தனை பேர்? மேலே உள்ள எண்ணைச் சத்தமாகச் சொல்லிக் கீழே உள்ள எண்ணை விழுங்குகிறவர்களிடம் நான் அரிசியே வாங்க மாட்டேன்.

அந்தப் பால்வெட்டுக்காரர் மகள் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்பீர்கள். பத்தாயிரம் தேவைப்படவில்லை. தகப்பனாரின் பழைய பள்ளிச் சான்றையும் அவருடைய தகப்பனாரின் நிலப் பத்திரத்தையும் தேடி எடுத்து, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, குழித்துறைத் தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்து, பிறப்பிடச் சான்று கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு கையில் வந்தது. கல்லூரி விருப்பப் பட்டியலை எங்கள் கடை மேஜையில் உட்கார்ந்துதான் அந்தப் பெண் எழுதினாள். மொத்தம் பதினான்கு. அரசுக் கல்லூரிகள் முதலில், அப்புறம் அவளும் தகப்பனாரும் நேரில் போய்ப் பார்த்த ஐந்து, பிறகு மற்றவை. எட்டாவதாக ஒரு கல்லூரி எழுதியிருந்தாள். "இதோட தேர்ச்சிக் கணக்கு சரியில்லையே பாப்பா" என்றேன். "தெரியும் மாமா. ஆனா அந்தத் துறையில இருக்கிற ஒரு மேடம் ஒன்பது வருஷமா அங்கேயே இருக்காங்க. பேசிப் பார்த்தேன், நல்லாச் சொல்லித் தாராங்க" என்றாள். நான் அழிக்கச் சொல்லவில்லை.